கரித்தாவியும் மணிக்கண்ணியும்

செவ்வாயின் குமிழூரில் மேலடுக்குக்காரர்கள் சிலந்திக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். கீழடுக்குக்காரர்கள் மருந்துப்புகை அடங்கிய பிறகுதான் கதவைத் திறப்பார்கள். மேலே தாவித் திரிந்தது மணிக்கண்ணிப் பேரினம். பச்சையும் பொன்னுமாக மின்னும் செல்லப்பிராணி. கீழே தாவியது கரித்தாவிப் பேரினம். கறுப்பு, காற்றுக்குழாயில் கூடு கட்டும் பீடை. கரித்தாவியைக் கண்ட இடத்தில் ஒழிக்க வேண்டும் என்பது குடியேற்றச் சட்டம்.

தையல்நாயகி சிலந்திகளை வகைப்படுத்தும் ஆய்வாளர். வேலை மேலடுக்கில், குடியிருப்பு கீழடுக்கில். மேலே வீடு கேட்டபோதெல்லாம் காலி இல்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். அவள் கணவன் வேலப்பனுக்குப் புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு வருடம் இதைக் குடித்தால் ஆள் தேறமாட்டார் என்று மருத்துவ எந்திரமே கையை விரித்திருந்தது.

அவள் இரண்டு பேரினங்களையும் துருவித் துருவிப் பார்த்தாள். மரபுமானியில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. பெண்ணை மயக்க ஆண் ஆடும் ஆட்டத்தில் ஓர் அடிகூடப் பிசகவில்லை. கரித்தாவிக் குஞ்சுகளை மேலடுக்கின் வெளிச்சத்தில் வளர்த்தாள். சட்டை உரிக்க உரிக்க அவையும் பொன்னாயின. கறுப்பு பிறப்பில் இல்லை, இருட்டில்தான் இருந்தது. இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டால் புகை நின்றுவிடும், செல்லப்பிராணிக்கு எவன் விஷம் வைப்பான் என்று நம்பினாள், பாவம்.

ஆய்வைக் குமிழூரை ஆளும் மன்றத்தின் முன் வைத்தாள். சாதியைப் பூமியிலேயே விட்டு வந்தோம் என்று ஆண்டுதோறும் மார்தட்டும் மன்றம் அது. ஆய்வை ஒருமனதாக ஏற்றது, கைதட்டியது. பிறகு பெயரிடும் விதியைப் புரட்டியது. இரண்டு பேரினம் ஒன்றானால் முதலில் வைத்த பெயரே நிலைக்கும். முதலில் குடியேறியது கீழடுக்கு, அங்கே வைத்த கரித்தாவிதான் முதல் பெயர். ஆகவே மணிக்கண்ணி என்ற பெயர் ஒழிந்தது. குமிழூரில் இருப்பவை எல்லாம் கரித்தாவி. அந்த விதி தையல்நாயகிக்குத் தெரியாததல்ல. வெறும் பெயர்தானே என்று விட்டிருந்தாள்.

மறுநாள் மேலடுக்கில் எந்திரங்கள் வீடுவீடாக ஏறி இறங்கின. புகை அடிக்கவில்லை, குழந்தைகளுக்கு ஆகாதாம். சிலந்திகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கின. வெளிச்சம் பட்டால் கரித்தாவி நிறம் மாறி மேலே கலந்துவிடும் என்று அவள் ஆய்வே சொல்லிவிட்டதால், கீழடுக்குக்கு இனி நாளுக்கு இருமுறை புகை என்று உத்தரவு வந்தது.

தையல்நாயகி மன்றத் தலைவி சுநந்தாவின் வீட்டுக்கு ஓடினாள். சுநந்தா தன் சிலந்தியைச் சின்னப் பெட்டியில் அடைத்து வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

"நேத்து உங்க உள்ளங்கையில சாப்பிட்ட அதே சிலந்திதாங்க. ஒரு கால்கூட மாறல."

"தெரியும்மா. கெட்டதுன்னு நான் சொல்லவே இல்லயே," என்றாள் சுநந்தா. "தெரியாம இருந்த வரைக்கும் சரி. இன்னதுன்னு தெரிஞ்ச பிறகு வீட்டுக்குள்ள எப்படி வெச்சுக்கறது?"