ஒன்பதாம் கல்லின் அடியில்

காலை 6.50. சதுப்பு நிலத்தின் ஒன்பதாம் எல்லைக்கல், இருந்த இடத்திலிருந்து எண்பது அடி தள்ளித் தண்ணீரோரம் நின்றது.

"மூணு நாள் ஊர்ல இல்ல. அதுக்குள்ள கல்லுக்குக் கால் முளைச்சிருச்சே!" படகுக்காரர் தலையில் கைவைத்தார்.

நகர்மன்றத்தின் இளைய நில அளவையாளர் குனிந்து கல்லைச் சுற்றிப் பார்த்தாள். எந்நேரமும் அளவுச் சங்கிலியோடு திரிவதால் அவள் பெயரே சங்கிலி என்றாகிவிட்டது. அவளும் மூன்று நாளாக இங்கே இல்லை. ஊரின் மறுகோடிக்கு அளக்க அனுப்பியிருந்தார்கள். ராத்திரி மழை வேறு வந்து தடயத்தையெல்லாம் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

கல்லுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்வரை எதுவும் கட்டக்கூடாது என்பது ஊர்ச் சட்டம். கல் நகர்ந்தால் சட்டமும் நகரும். இங்கே வீடு கட்டக் கேட்டிருக்கும் கட்டடக்காரரின் அனுமதித் தாளில் பதினோரு மணிக்கு நகர்மன்றத் தலைவி கையெழுத்துப் போட்டால் நாளைக்கே மண் லாரி வரும். நாரை, மீன், படகுக்காரர் பிழைப்பு எல்லாம் மண்ணுக்கடியில். வரைபடத்தைப் பார்க்கலாமே என்றால், அதைக் கரையான் தின்றுவிட்டதாகப் போன மாதமே அலுவலகத்தில் எழுதி வைத்தாயிற்று.

8.15. கட்டடக்காரரின் கொட்டகை.

"கல்லை எப்ப நகர்த்துனீங்க?"

"நான் ஏம்மா தொடப்போறேன்? நின்ன இடத்துலதான் நிக்குது."

"கல்லுக்கு அடியில என்ன இருக்கும்?"

"மண்ணு இருக்கும். பின்ன, தங்கமா இருக்கும்?" விழுந்து விழுந்து சிரித்தார்.

வாயைத் திறந்தால் பொய் சொல்லும் ஆசாமிதான். ஆனால் அந்தச் சிரிப்பு நிஜம்.

9.40. சங்கிலி சொல்லி அனுப்பியதில் தலைவி சேற்றில் செருப்போடு கல்லடியில் வந்து நின்றார். கூடவே கட்டடக்காரர்; அவருக்குப் பின்னால் தலைமை அளவையாளர். இருபது வருடம் முன்பு இந்தக் கற்களை நட்டவர் அவர்தான். சங்கிலிக்குத் தாய்மாமனும் அவர்தான். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

"சந்தேகம்னா தோண்டிப் பாத்துருங்கம்மா," என்றார் மாமா. "நட்ட அன்னைக்கே அடியில கரி போட்டேன். கரி மக்காது. கல்லைத் திருடுறவனுக்கு இந்த சங்கதி தெரியாது. கரி இருந்தா, கல்லு அன்னையில இருந்து இங்கதான் நிக்குதுன்னு அர்த்தம்."

தோண்டினார்கள். கரி இருந்தது. கட்டடக்காரர் வாயைப் பிளந்தார். தலைவி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் சங்கிலி. படகில் நீர் இறைக்கும் டப்பாவை வாங்கி நிரப்பி, ஒரு கரித்துண்டைப் போட்டாள். அது ஜம்மென்று மிதந்தது.

"இருபது வருஷம் சேத்துல ஊறுன கரி மிதக்குமா மாமா?"

அவர் வானத்தைப் பார்த்தார்.

படகுக்காரர் காட்டிய பழைய இடத்தில் அவளே கடப்பாரையைப் போட்டாள். முழங்கை ஆழத்தில் சேறு அப்பிய கரி வந்தது. அதையும் டப்பாவில் போட்டாள். நேரே அடிக்குப் போனது.

"நட்ட கரி இதும்மா. சேறு மூடுன குழியை யாரு தோண்டப்போறாங்கன்னு விட்டுட்டாங்க. அங்க இருக்கிறது இந்த வாரம் போட்டது. கட்டடக்காரரு அடியில மண்ணுன்னுதான் நெனச்சாரு. கரி போடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ரெண்டே பேரு. ஒண்ணு நான். என்னை மூணு நாளா மறுகோடிக்கு அனுப்புனது மாமா. வரைபடத்தைக் கரையான் தின்னுச்சுன்னு எழுதுனதும் மாமா. ரெண்டு கால் கரையான்!"

நுணலும் தன் வாயால் கெடும். கரியைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, ரசீதும் கொடுத்துவிட்டது.

தலைவி அனுமதித் தாளை நாலாகக் கிழித்தார். "காரியதரிசி வரட்டும், புகார் எழுதணும்," என்று மாமாவை முறைத்தார்.

மாமா பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "நான் வாங்கிக் குடுத்த வேலைடி இது. உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பே?"

கண் கலங்கியது அவளுக்கு. குரல் கலங்கவில்லை.

"நிமிர்ந்து முழிப்பேன். நீங்க வாங்கிக் குடுத்த வேலையத்தானே மாமா பாக்குறேன்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கல்லைத் தூக்கணும்."