உடையாத சில்லு

தலைமையாசிரியர் ராஜவேல் காலையில் வந்து வண்டியை நிறுத்தியபோது புதுக் கொட்டகை தயாராக நின்றிருந்தது. இரும்புக் குழாய்களை நட்டு, சுற்றிலும் மேலேயும் நீலத் தகரம் அடித்து, நடுவில் ஒரு தட்டியை வைத்து இரண்டு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். செம்பாறைமேட்டுப் பள்ளிக்கு இனி இதுதான் கட்டடம். தற்காலிகம் என்று உத்தரவு சொன்னது. எதுவரை என்று சொல்லவில்லை.

பழைய கட்டடம் கூப்பிடு தூரத்தில் சிவப்பு நாடா சுற்றிக்கொண்டு நின்றது. மணலுக்குப் பதிலாகக் கல்லுடைக்கும் ஆலையின் தூசியைக் கலந்து போட்ட கூரை அதனுடையது. ஐந்தாம் வகுப்பின் மேல் மட்டும் அந்தக் கூரையும் இல்லை. ராஜவேல் அந்தப் பக்கம் திரும்பாமல் கொட்டகையின் பூட்டைத் திறந்தார்.

உள்ளே ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது.

அவர் சுற்றிலும் பார்த்தார். தரையில் இறுக்கிய செம்மண்ணும் தார்ப்பாயும். சுவர் தகரம், கூரை தகரம். வாசனை வருவதற்கு அங்கே இடமே இல்லை.

"என்ன சார், புது வூட்டுக்குப் பால் காய்ச்சிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே புவனேஸ்வரி டீச்சர் பின்னால் வந்தார்.

"வெயில் ஏறட்டும் டீச்சர். அடுப்பில்லாமலே காயும்."

"அதுவும் சரிதான். என்ன சார், சிமெண்ட் வாடை வருது?"

"லாரி போகுதுல்ல," என்றார் ராஜவேல். அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரி போகாத நேரம் இல்லை. அந்தப் பதிலை மறுக்க யாராலும் முடியாது.

மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தபின், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சங்கு நீளமாக ஊதியது. வெடி வைக்கப் போகிறார்கள் என்பதற்கு அது அடையாளம். சற்று நேரத்தில் பூமிக்குள் யாரோ புரண்டு படுத்ததுபோல் ஓர் அதிர்வு வந்தது. தகரங்கள் படபடத்து அடங்கின. பழக்கப்பட்ட பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

அந்த அமைதியில் மெல்லிய ஓசை ஒன்று கேட்டது.

டிக்.

ராஜவேலின் கையிலிருந்த சாக்பீஸ் கரும்பலகையிலேயே நின்றுவிட்டது. அந்த ஓசையை அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். பழைய கட்டடத்தில், ஐந்தாம் வகுப்பில், தனியாக நின்று.

விரிசல் வளர்கிறதா என்று அறியப் பொறியாளர்கள் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து, இரு முனைகளையும் வெள்ளைச் சிமெண்டால் ஒட்டிவிடுவார்கள். விரிசல் அசைந்தால் சில்லு உடையும். ஐந்தாம் வகுப்புக் கூரையின் விரிசலைக் கவனிக்கும் வேலையை அனிதா மேரி டீச்சரிடம் பொறியாளர் ஒப்படைத்திருந்தார். நுண்ணோக்கியில் வைப்பதற்காக அறிவியல் பெட்டியில் இருந்த சில்லுகளில் ஒன்றை டீச்சர் மேசைமேல் ஏறி நின்று ஒட்டினார். அதில் சிவப்பு மையால் தேதியும் எழுதினார். ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பார்த்து, சில்லு முழுதாக இருந்தால்தான் பிள்ளைகளை உள்ளே விடுவார். உடைந்திருந்தால் அறையைப் பூட்டிவிட்டு அரியலூர்க் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்பாடு அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சர் ஊருக்குப் புறப்பட்டுப் போனபின், நேரந்தவறி ஒரு வெடி வைத்தார்கள். சில்லு உடைந்தது. பார்த்தவர் ராஜவேல் ஒருவர்தான்.

வெடி உடைத்ததே தவிர விரிசல் உடைக்கவில்லை என்று அவர் தமக்குத்தாமே விளக்கிக்கொண்டார். தெரிவித்தால் பள்ளியை மூடுவார்கள்; லாரிச் சாலைக்கு அப்பால் உள்ள பள்ளியோடு பிள்ளைகளைச் சேர்ப்பார்கள்; சேர்த்த பள்ளியைத் திரும்பப் பிரித்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் விடுமுறை. தனியாக வந்து, உடைந்ததைப் பெயர்த்தெடுத்து, புதுச் சில்லை ஒட்டினார். பழைய தேதியையே சிவப்பு மையால் எழுதினார். பிறர் கையெழுத்தை எழுதிப் பழக்கமில்லாதவர் என்றாலும் அதைத் திருத்தமாகவே செய்தார்.

திங்கட்கிழமை காலை அனிதா மேரி வகுப்பு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். சில்லு முழுதாக இருந்தது. பிள்ளைகள் இன்னும் வெளியே பிரார்த்தனையில் நின்றிருக்க, சன்னல்களைத் திறந்து வைக்க அவர் உள்ளே போனார்.

கூரை அவர்மேல் இறங்கியது.

இடிபாட்டிலிருந்து நொறுங்கிய சில்லை எடுத்தார்கள். சில்லு முன்பே உடைந்திருக்க வேண்டும், டீச்சர் சரியாகக் கவனிக்கவில்லை என்று விசாரணை முடிவு செய்தது. ராஜவேல் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒப்புதலும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது பொய்யில் சேராது என்று அன்று நம்பினார்.

"சார்."

ஐந்தாம் வகுப்பு சுகன்யா எழுந்து நின்றிருந்தாள்.

"இங்கயும் கண்ணாடி ஒட்டியிருக்கீங்களே சார். தகரத்துல வெடிப்பு வுடுமா?"

அவள் காட்டிய இடத்தில், பிள்ளைகளின் தலைக்குமேல், நீலத் தகரத்தில், இரண்டு வெள்ளைச் சிமெண்ட் பொட்டுகளுக்கு நடுவே ஒரு சில்லு இருந்தது. குறுக்காக உடைந்திருந்தது.

பள்ளி விட்டபின் அவர் பெஞ்சின்மேல் ஏறி அதைப் பெயர்த்தார். அடியில் விரிசல் இல்லை, மழுமழுவென்ற தகரம். சிமெண்ட் ஈரமாக இருந்தது. சில்லில் சிவப்பு மையில் அன்றைய தேதி.

அனிதா மேரியின் எழுத்து.

மறுநாளும் அதே இடத்தில் புதுச் சில்லு இருந்தது. வெடிக்குப்பின் உடைந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் அறிவியல் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் பூட்டினார். அப்போதும் சில்லு வந்தது. பெட்டியிலோ ஒவ்வொன்றாகக் குறைந்தது.

"ஏன் சார், தினம் ஒட்டுறீங்க, தினம் பேத்தெடுக்குறீங்க," என்று புவனேஸ்வரி சிரித்தார். "தகரத்துக்கே இவ்ளோ பயமா?"

"ஒரு சோதனைக்குத்தான் டீச்சர்."

"என்னமோ போங்க. ராத்திரி தூங்குறீங்களா இல்லையா? கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு."

அந்த வாரமே, மூட்டம் போட்டிருந்த ஒரு சாயங்காலம், எல்லோரும் போனபின் சகாய ஆனந்த் வந்தான். அனிதா மேரியின் கணவன். ஏலாக்குறிச்சிப் பக்கம் விவசாயம். மனைவியின் குடையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிக்கொள்ள வந்ததாகச் சொன்னான். வாங்கிக்கொண்டபின் போகாமல் நின்றான்.

"சார், அவ ஒழுங்கா பாக்கலன்னு எழுதிட்டாங்க."

"கேள்விப்பட்டேன் தம்பி."

"பூசைக்குப் போனா அங்கயும் அதே பேச்சு. 'புள்ளைங்க உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும், டீச்சர் இப்படியா அசட்டையா இருப்பாங்க'ன்னு என் காதுபடவே பேசுறாங்க. வூட்டுல அடுப்புல பாலு வச்சாக்கூட பொங்குற வரைக்கும் நவுர மாட்டா சார் அவ." அவன் குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். "நீங்க அன்னிக்கு இங்கதான இருந்தீங்க. அவ பாத்தாளா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

கொட்டகைக்குள் சிமெண்ட் வாசனை கனத்தது.

"நான் பிரேயர்ல நின்னேன் தம்பி," என்றார் ராஜவேல். "அவங்க பாத்தத நான் பாக்கல."

அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

டிக்.

சங்கு ஊதவில்லை. வெடியும் இல்லை.

டிக். டிக். வாசல் பக்கத் தகரத்திலிருந்து ஒன்று, கரும்பலகைக்குப் பின்னாலிருந்து ஒன்று. பிறகு தலைக்குமேல்.

"என்ன சார் சத்தம்?" சகாய ஆனந்தின் குரல் தாழ்ந்தது.

"தகரம். வெயிலுக்கு விரியும்."

அவன் வெளியே இருண்டுகொண்டிருந்த வானத்தைப் பார்த்தான். "இன்னிக்கு வெயிலே அடிக்கலியே சார்."

ராஜவேல் கொட்டகைச் சாவியை எடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரேன். அரியலூர் ஆபீசுக்கு ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம். அவ எப்படிப்பட்டவன்னு நீங்க சொன்னா கேப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மறுநாள் மதியம் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்தார்கள். ராஜவேல் அண்ணாந்து பார்த்தார். சில்லு இருந்தது. அன்றைய தேதியும் இருந்தது. தூரத்தில் சங்கு ஊதியது; பூமி புரண்டது; தகரங்கள் படபடத்து அடங்கின.

அவர் அந்த ஓசைக்காகக் காத்திருந்தார்.

ஓசை வரவில்லை.

சில்லு முழுதாக இருந்தது.

இத்தனை நாளும் அது உடைந்தபோது வராத நடுக்கம் இப்போது வந்தது. உடைந்த சில்லு உள்ளதைச் சொல்லும். முழுச் சில்லு என்ன செய்யும் என்பதை அவரைத் தவிர அந்த ஊரில் அறிந்தவர் இல்லை. அதன் கீழே இருபுறமும் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய போங்க!"

பிள்ளைகள் விழித்தார்கள்.

"எழுந்திரிங்க! பைய விட்டுட்டு ஓடுங்க! டீச்சர், உங்க பக்கத்தையும் வெளிய அனுப்புங்க!"

பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். புவனேஸ்வரி ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடிவந்தார். கொட்டகை அசையாமல் நின்றது. தகரம்கூடச் சத்தம் போடவில்லை. அப்போதுதான் வாயிற்புறம் வந்து சேர்ந்த சகாய ஆனந்த், வண்டியின் இன்ஜினை அணைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி ஒடையவே இல்லியே சார்," என்றாள் சுகன்யா, மூச்சிரைக்க. "நல்லாதான இருக்கு. அப்பறம் எதுக்கு ஓடியாரச் சொன்னீங்க?"

ராஜவேல் அவளைப் பார்த்துத் தொடங்கி, சகாய ஆனந்தைப் பார்த்து முடித்தார்.

"அன்னிக்கும் நல்லாதான் இருந்துச்சு. உடைஞ்சத எடுத்துட்டு நான்தான் புதுசு ஒட்டினேன். உங்க டீச்சர் பாத்தாங்க. ஒழுங்காதான் பாத்தாங்க."

சகாய ஆனந்த் இன்ஜினை அணைத்தான். அடிப்பான் என்று ராஜவேல் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"அன்னிக்குக் காலையில எனக்கு போன் பண்ணா சார்," என்றான் அவன். "'கண்ணாடி ஒடையலங்க, புள்ளைங்கள உள்ள உக்கார வச்சிரலாம்'னா. அவ்ளோ சந்தோசமா சொன்னா."

பிறகு, "ஏறுங்க, ஆபீசுக்குப் போவோம்," என்றான்.

அரியலூர் அலுவலகத்தில் ராஜவேல் எதையும் மறைக்கவில்லை. விசாரணையின் முடிவைத் திருத்தினார்கள். ஏலாக்குறிச்சியில் சகாய ஆனந்த் அதைத் தெருத்தெருவாகச் சொன்னான். ராஜவேலைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பிள்ளைகள் லாரிச் சாலையைத் தாண்டவில்லை. புவனேஸ்வரியின் பொறுப்பில் கொட்டகையிலேயே படித்தார்கள். கொட்டகையில் அதன்பின் சில்லு எதுவும் தென்படவில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னார். சிமெண்ட் வாசனையும் நின்றுவிட்டதாம்.

அதைக் கேட்டுக்கொண்டே ராஜவேல் அரியலூரில் தம் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்தார். அங்கே ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது.

நாற்காலிக்கு நேர்மேலே, விரிசல் ஏதுமில்லாத கூரையில், சில்லு ஒட்டியிருந்தது. சிவப்பு மையில் அன்றைய தேதி. அது அனிதா மேரியின் எழுத்தா, அதைப் பார்த்துத் தாம் எழுதிய எழுத்தா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

பெயர்த்தால் காலையில் திரும்பி வருகிறது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, கூரை கல்லுபோல இருக்கிறது என்று சொல்லிப் போனார். ராஜவேல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

தினமும் மதியம் சுரங்கத்தின் சங்கு அரியலூர்வரை கேட்கும். அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் வாசலில் வெயிலில் நிற்பார். பூமி புரண்டு அடங்கும். பிறகு நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே, உள்ளே தலையை மட்டும் நீட்டி, கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

இதுவரை அது ஒருமுறைகூட உடையவில்லை.