கால்வாய்க் கரையில் முன்னே நடந்தவன்

டெரிக் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு மதகுக்கும் சற்று முன்பே கரையில் இறங்கி, படகுக்கு முன்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்துவைப்பது அவன் வேலை. சுக்கானைப் பிடிப்பது மனைவி மூரியலின் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருவரும் இந்தப் படகிலேயே குடியேறிய ஆறு வருஷமாக, பத்தடிக்கு ஒருதரம் திரும்பி, "கேப்டனம்மா, கரையில இடிச்சிடாதீங்க!" என்று கேலி பேசாமல் அவன் நடந்ததே கிடையாது. இன்று அக்டோபர் மாலைப் பனிக்குள் அவனுடைய தட்டைத் தொப்பி பேசாமல் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம்கூட நன்றாகத்தானே இருந்தான். இடிந்த மடாலயத்தைச் சுற்றிப் பார்க்கும்போது குளிர்காற்று அடித்தது. தான் பின்னிய மஞ்சள் கம்பளித் துண்டை அவன் கழுத்தில் சுற்றிவிட்டாள். மஞ்சள் நூல் தீர்ந்துபோய் நுனியில் மட்டும் நீலம் சேர்த்திருந்தாள்.

"என்னம்மா, எனக்கு வால் வெச்சுட்டே?"

"குரங்குக்கு வால் வேணாமா?"

சிரித்துக்கொண்டே அவள் கையை மூன்று முறை அழுத்தினான். தினமும் தூங்குமுன் அப்படித்தான் செய்வான்.

சற்றுமுன் பாலத்தடியில் அவன் கரைக்குத் தாவியபோதுதான் அந்தத் தப்பு நடந்தது. ஆள் இறங்கும்போது படகைப் பின்னோக்கி ஓட்டவே கூடாது; தவறி விழுந்தால் படகடியில் சுழலும் விசிறி இழுத்துவிடும். படகின் பின்புறம் கரையை விட்டு விலகுகிறதே என்று ஒரே ஒரு கணம் ஓட்டிவிட்டாள். மெத்தென்று எதுவோ தட்டியது. இஞ்சின் ஒருதரம் இருமியது. பதறிக் குனிவதற்குள், முன்னால் பனிக்குள் தொப்பி தெரிந்தது. நடந்துகொண்டிருந்தான். அப்பாடா என்று மூச்சுவிட்டாள், பாவம்.

"டெரிக்! கோவமா? தெரியாமத்தான் செஞ்சேன்!"

தொப்பி திரும்பவில்லை. அழுகிய இலையும் சேறும் டீசல் புகையும் கலந்த வாடை பனியோடு சேர்ந்து மூக்கில் அப்பியது. காலடியில் இஞ்சின், கனமான எதையோ இழுத்துக்கொண்டு வருவதுபோல் முனகி முனகி, படகு மதகுத் தொட்டிக்குள் நுழைந்ததும் நின்றுபோனது. பின்னால் கதவுகள் மூடிக்கொண்டன. மேலே, அவளுக்கு முதுகு காட்டியபடி அவன் நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விசிறியில் களை சுற்றியிருக்கும். எப்போதும் நடப்பதுதான். மூரியல் பின்தளத்தில் விசிறிக்கு நேர்மேலே இருந்த இரும்பு மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, கறுத்த தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டாள்.

களை இல்லை.

கம்பளி.

இழுத்தாள். மஞ்சள். இன்னும் இழுத்தாள்.

நுனியில் நீலம்.

மறுபடி கையை விட்டாள். துழாவினாள். தொட்டாள். விரல்கள். மோதிரம் போட்ட விரல்கள். சில்லிட்டிருந்தன.

மேலே மதகின் இரும்புக் கைப்பிடி சுழன்றது. கறக். கறக். தண்ணீர் இரைந்து வெளியேற, படகு இறங்கியது. பாசி பிடித்த சுவர்கள் இரு பக்கமும் உயர்ந்தன. வானம் ஒடுங்கியது.

அவன் திரும்பினான்.

டெரிக்கின் குரல்தான். "கேப்டனம்மா, பத்திரமா இறங்குங்க."

தண்ணீருக்கு அடியில் அந்த விரல்கள் அவள் கையைப் பற்றி அழுத்தின.

மூன்று முறை.