கொதித்தும் கலங்காத நீர்

1979 மார்ச், ஒரு சனிக்கிழமை. காலை பதினொன்றரை மணி.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஆனைக்குன்றுத் தேயிலைத் தோட்டத்துக் கிளப் மண்டபத்தில் இருபது வைத்தியர்கள் ஒரே ஒரு சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த மஞ்சள் நீர் சூடேறியது. கொதித்தது. ஆறியது. கடைசிவரை கலங்கவேயில்லை.

டொக்டர் பெற்றீசியா ஸ்பிரிட் விளக்கை மூடி அணைத்தார். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயைப் பற்றித் தோட்டப்புற வைத்தியர்களுக்கு வகுப்பெடுக்கக் கண்டியிலிருந்து வந்தவர் அவர். குள்ளமான உருவம், யாருக்கும் ஒதுங்கி வழிவிடாத நடை. அந்த நோய் உள்ளவரின் சிறுநீர் இளஞ்சூட்டில் பால்போலக் கலங்கும், கொதித்தால் தெளியும், ஆறினால் மறுபடி கலங்கும். அந்த நோயின் புரதம் மட்டுமே இப்படிக் கூத்துக் காட்டும். அதை எல்லோர் கண்முன்னும் காட்டுவதாகத்தான் டொக்டர் சொல்லியிருந்தார். கூத்து நடக்கவில்லை.

முன் வரிசையில் இருந்த தோட்டத்துத் துரை எழுந்தார். காலையில் டொக்டரோடு பேசிய பேச்சை அவர் சிங்களத்தில் நினைவூட்டினார். ஒரு போத்தல் சிறுநீர், ஒரு சோதனை. நோய் தெரிந்தால் அந்தப் பெண்ணைத் தோட்டமே கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். தெரியாவிட்டால் திங்கட்கிழமை அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவைக் காலி பண்ண வேண்டும்.

அந்தப் பெண் நாகலெட்சுமி. வாசல் பெஞ்சில் மகள் வீரம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கொழுந்து எடுத்த உடம்பு இப்போது முதுகை நிமிர்த்த முடியாமல் வெளிறிப்போயிருந்தது. நடிக்கிறாள் என்று எழுதி, வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். இன்றைக்கு அவளை யாரும் கூட்டிவரவில்லை. பெரிய டொக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, விடிவதற்கு முன்பே மகளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். துரத்தியபோதும் போகவில்லை.

நடிக்கிறாள் என்று எழுதியவர் லியனார்ட், தோட்ட மருந்துச்சாலைக்குப் பொறுப்பான மருத்துவ உதவியாளர். இரக்கப்படும் முகத்தோடு அவர் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெறும் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். சீனி வியாதிக்காரர். இடைவேளையில் கிளப் கேக்கைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை, கிளப் தேத்தண்ணியையும் தொடவில்லை.

“நான் சொன்னேனே மிஸ்,” என்றார் அவர். “இவங்களுக்கு வேலைக்குப் போற நாளுலதான் முதுகு வலிக்கும்.”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பெற்றீசியாவுக்குக் காது சுட்டது. காலையில் நாகலெட்சுமியின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் அவர். சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியிருந்தன. அது சந்தேகம்தான், சாட்சி அல்ல. ஆனாலும் அவர் சந்தேகம் லேசில் பொய்த்ததில்லை.

“யாரும் வெளியே போக வேணாம். எல்லாரும் இருந்த இடத்துலயே இருங்க,” என்றார்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டொக்டர் துரையைப் பார்த்தார். துரை உட்கார்ந்தார்.

“லியனார்ட், இவங்களுக்கு நீங்க என்ன மருந்து குடுத்தீங்க?”

“ஆஸ்பிரின்தான் மிஸ். ஒரு வருஷமா, மூணு வேளையும். கொறை வைக்கல.”

“இன்னைக்கு?”

வாசலிலிருந்து வீரம்மா பதில் சொன்னாள். “வெள்ளன ரெண்டு மாத்திரை போட்டாங்க டொக்டரம்மா. அது இல்லாட்டி ஏற்றத்துல ஏற முடியாது.”

டொக்டர் தன் பெட்டியிலிருந்து பெரிக் குளோரைட் என்ற இரும்புக் கரைசலை எடுத்தார். ஆஸ்பிரின் தின்றவரின் சிறுநீரில் இதைச் சொட்டினால் ஊதா நிறம் வரும் என்று மண்டபத்துக்குச் சொன்னார். ஊதா வராவிட்டால் போத்தலில் இருப்பது நாகலெட்சுமியுடையது அல்ல. சொல்லிவிட்டுச் சொட்டினார்.

ஊதா வரவில்லை. குழாய் மைபோலக் கறுத்தது.

பெற்றீசியா குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு போத்தலை மூக்கருகே கொண்டுபோனார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் சேர்ந்தே வந்தது.

“செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியில தேயிலைச் சாறு பட்டா என்ன ஆகும்?” என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

“கறுத்துப்போகும்ங்க,” என்றாள் நாகலெட்சுமி.

“அதேதான் இது. இரும்பும் தேயிலையும். இது மூத்திரமே இல்ல, தண்ணி கலந்த தேத்தண்ணி.”

மண்டபம் கலகலத்தது. கொதித்தபோது வாசம் வந்திருக்குமே என்று ஒரு வைத்தியர் கேட்டார். வந்ததுதான். பக்கத்தில் தொழிற்சாலை, மேசையெல்லாம் தேத்தண்ணிக் கோப்பை. இந்த மலையில் அந்த வாசத்தை எந்த மூக்கு கணக்கெடுக்கும்? தன் மூக்கையும் சேர்த்துத்தான் டொக்டர் திட்டிக்கொண்டார்.

முதலில் விழித்துக்கொண்டவர் லியனார்ட். வாசலில் சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத தேத்தண்ணி, வாங்கிக் குடித்தது யார் என்று கேட்டார். தாயும் மகளும்தானே. மூத்திரம் நிறம் மாறித் தெரிந்தால் நோய் என்று எழுதுவார்கள் என நினைத்து, மகள்தான் ஊற்றியிருப்பாள் என்றார். துரையும் தலையாட்டினார்.

வீரம்மா எழுந்து நின்றாள். “நான் அந்த அறைக்குள்ள போனேன், எங்கம்மா கம்பளிய எடுக்க. போத்தல தொடல. தொட்டேன்னு சொல்றவங்க என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”

லியனார்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் நாகலெட்சுமியின் கையிலிருந்து போத்தலை வாங்கிப் பக்கத்து அறையில் வைத்தவர் டொக்டரேதான். வகுப்பு முடிந்து இடைவேளை விட்டபோது அந்த அறைக்குள் போனவர்கள் மூன்றே பேர். கம்பளி எடுக்க வீரம்மா, கோப்பை எடுக்கச் சமையற்காரர் மூக்கன், போத்தலை மேசைக்குக் கொண்டுவர லியனார்ட்.

டொக்டர் மூக்கனைக் கூப்பிட்டார். வெளியே இருந்தவர்களுக்கு எப்படித் தேத்தண்ணி கொடுத்தார் என்று கேட்டார்.

“கேத்தலுக்குள்ளயே சீனியப் போட்டுக் கலக்கித்தான் ஊத்துனேன் அம்மா. வெளியில எப்பவும் அப்படித்தான். உள்ளுக்குப் பால் தேத்தண்ணி, அதுலயும் சீனி போட்டாச்சு.”

ஒரு கரண்டியில் போத்தல் நீர் கொஞ்சம், இன்னொரு கரண்டியில் வாசல் கேத்தலில் மிஞ்சியது கொஞ்சம். இரண்டையும் டொக்டர் விளக்கின்மேல் வற்றவைத்தார். கேத்தல் கரண்டியில் பாகு பொங்கிக் கருகியது. சீனி தீய்ந்த மணம் கடைசி வரிசைவரை போனது. போத்தல் கரண்டியில் மெல்லிய கறையைத் தவிர ஒன்றுமில்லை.

“பாலும் இல்ல, சீனியும் இல்ல,” என்றார் பெற்றீசியா. “இந்தக் கிளப்புல அப்படித் தேத்தண்ணி ஒரே ஒரு ஃபிளாஸ்க்லதான் இருக்கு. மூடியத் திறங்க லியனார்ட்.”

லியனார்ட் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“இன்னொன்னும் இருக்கு,” என்றார் டொக்டர். “போத்தல்ல இருந்தது என்ன காட்டிக்குடுக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்கதான் அதக் கொட்டியிருக்கணும். நான் இங்கிலீஷ்ல எடுத்த வகுப்ப மூக்கனும் கேக்கல, வீரம்மாவும் கேக்கல.”

லியனார்ட்டின் குரல் கீழே போனது. “முதுகு வலி, ரத்தக் கொறைவு, தாகம்... நீங்க ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல எனக்கு இவங்கதான் கண்ணுக்குள்ள வந்தாங்க. ஒரு வருஷமா நடிப்புன்னு எழுதிட்டேன் மிஸ். இனி எப்படி மாத்தி எழுதுறதுன்னு...”

“இந்த மண்டபத்துல என் பாடம் முழுசா வெளங்குனது உங்களுக்குத்தான்,” என்றார் டொக்டர். “வெளங்குன ஒடனே நீங்க செஞ்ச வேலை இது.”

புதுப் போத்தல் வந்தது. இந்த முறை டொக்டர் அதைக் கையைவிட்டு இறக்கவில்லை. இளஞ்சூட்டில் நீர் பாலாய்க் கலங்கியது. கொதித்ததும் தெளிந்தது. ஆறியதும் மறுபடி கலங்கியது. கொஞ்சம் முன்பு சிரித்தவர்கள் குனிந்துகொண்டார்கள்.

டொக்டர் வாசலுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, இருப்பதை இருக்கிறபடி சொன்னார். நோய் எலும்புக்குள்ளே இருந்து அதை நொறுக்குகிறது. மெல்பலான் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, கூடவே ஸ்டீரொய்ட். சில நாள் போட்டுச் சில வாரம் நிறுத்த வேண்டும். முற்றாகக் குணமாகும் என்று பொய் சொல்லமாட்டேன், வலி குறையும், நடக்கலாம், வருஷக்கணக்கில் இருக்கவும் கூடும் என்றார்.

“எனக்கும் வருமா?” என்று வீரம்மா கேட்டாள். அது பரம்பரையாகப் பிள்ளைக்குப் போகிற நோய் அல்ல என்றார் டொக்டர். மஜ்ஜை உயிரணுவுக்குள் இருக்கும் நிறமூர்த்தங்கள் என்ற குரோமோசோம்களில், பல பேருக்குப் பதினாலாவதில், பிழை விழுகிறது. பிறந்த பிறகு அங்கேயே விழுந்த பிழை அது. ஏன் விழுகிறது என்று உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.

“நடிப்பு இல்லன்னு தெரிஞ்சுதுல்ல,” என்றாள் நாகலெட்சுமி. “மத்தத நான் பாத்துக்கிறேன்.”

துரை வெளியே வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாகவும், கொழுந்து லொறி கீழே நிற்பதாகவும், அதிலே ஏற்றிக் கண்டிக்கு அனுப்புவதாகவும் சொன்னார். வீரம்மா தாயைத் தூக்கக் குனிந்தாள்.

நாகலெட்சுமி எழும்பவில்லை. “லொறி வேணாம் தொர. நொறுங்குன எலும்பு, குலுக்குனா போற வழியிலயே முடிஞ்சிரும். உங்க கார் வரட்டும்.”

அந்தக் கிளப் கட்டிய நாளிலிருந்து அதன் வாசலில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. துரை டொக்டரைப் பார்த்தார். வைத்திய ஆலோசனையும் அதுதான் என்றார் டொக்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கார் வந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்தான். நாகலெட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“பின்னால சாய முடியாதுப்பா. முன்னால ஏத்து.”

முன்சீட் துரை உட்காருமிடம். டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்தான்.