நாற்பத்தொரு வரிகள்

மதியம் மூன்றேகால் மணிக்கு அவள் தன்னுடைய வரியைப் பட்டியலில் இரண்டு இடங்களில் பார்த்தாள்.

பூட்டி வைத்த கடவுச்சொற்களின் பட்டியல் அது. வீட்டுக் கதவைக் கைபேசியாலேயே திறக்கும் பூட்டைச் செய்து விற்கிற கம்பெனி. உள்ளே நுழைகிறவர் தட்டும் கடவுச்சொல்லை யாருக்கும் புரியாத எழுத்தும் எண்ணுமாகக் கலைத்து வைக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். எழுதும்போதே ஓர் ஓட்டை விட்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் எண்ணைக் கலந்து பூட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரையும் ஒரே சாவியால் பூட்டிவிட்டாள். அதனால் இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்தால், பட்டியலில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வரியாக நிற்கும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். எதற்கும் அதைத்தான் சொல்வார் மனுஷன். ஆபீசில் அவர் பெயரே அப்புறம் சார். அந்த அப்புறத்துக்கு நான்கு வயது ஆகிவிட்டது.

ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று வைத்த மகானுபாவர்கள் மட்டும் அறுநூறு பேர் இருந்தார்கள். அவர்கள் கும்பலாக நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் வைத்திருந்தது ஒரு முழு வாக்கியம்.

மகள் பிறந்த மூன்றாவது மாதம், தூங்கியே பல நாளான ஒரு விடியலில், தொட்டிலின் மேல் குனிந்து மனசுக்குள் சொன்ன வாக்கியம். நீ பிறக்காமலே இருந்திருக்கலாம். புருஷனிடம் சொன்னதில்லை, டாக்டரிடம் சொன்னதில்லை. எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கடவுச்சொல் நீளமாக இருந்தால் பத்திரம் என்பது தொழிலில் பால பாடம், அங்கே கொண்டுபோய் வைத்தாள். தினமும் காலையில் விரல்கள் அதைத் தட்டும். இப்போதெல்லாம் அது வாக்கியமாகக்கூடத் தெரிவதில்லை. வெட்கமும் இல்லை, வலியும் இல்லை, பல் டாக்டர் ஊசி போட்ட உதடு மாதிரி மரத்துக் கிடந்தது.

யாரோ ஒரு தாய், பாவம், என்றுதான் முதலில் நினைத்தாள். ஏசி வழக்கம்போல ஈரத்துணி வாடையோடு முனகிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் யாரோ காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்கள், ஜன்னல் திரையின் பட்டைகள் வழியே வந்த வெயில் மேஜை மேல் கோடுகோடாக விழுந்திருந்தது. பட்டியலைப் புதுப்பித்தாள். ஏழு வரிகள். மறுபடியும். பதினேழு.

"சார், ஒரு நிமிஷம் இதப் பாருங்க."

அப்புறம் சார் காபிக் கோப்பையோடு நின்று எட்டிப் பார்த்தார். "அதே பழைய ஓட்டையா? அப்புறம் பாத்துக்கலாம்மா."

"இது என்னோட வரி சார். பதினேழு இடத்துல இருக்கு."

"உங்கள மாதிரியே யோசிக்கிறவங்க உலகத்துல இல்லாமலா போயிடுவாங்க?" அவர் சிரித்துக்கொண்டே மீட்டிங்குக்குப் போனார்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. கடவுச்சொல்லை மாற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் விசைப்பலகையைத் தாறுமாறாக அழுத்தினாள். என்ன எழுதினோம் என்று அவளுக்கே தெரியாது. சேமித்தாள். புதுப்பித்தாள்.

அவள் வரி மாறியிருந்தது.

மற்றவையும் மாறியிருந்தன. அதே வரியாக. இப்போது அவளுடையதையும் சேர்த்து நாற்பத்தொன்று.

வீட்டுக் கதவின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அதுவும் இந்தக் கம்பெனிப் பூட்டுதான், அதே கடவுச்சொல்தான். மகளுக்குப் பத்து வயது, பள்ளி விட்டு வந்து, அம்மா திரும்பும்வரை தனியாக இருப்பாள். கதவின் வருகைப் பதிவைத் திறந்தாள். மூன்று மணி இரண்டு நிமிடம்: மகள், உள்ளே. மூன்றேகால்: அம்மா, உள்ளே. மூன்று பதினாறு: அம்மா, உள்ளே. அம்மா, உள்ளே. அம்மா, உள்ளே. திரையைத் தள்ளத் தள்ள அதே. 'வெளியே' என்று ஒன்றுகூட இல்லை.

எல்லோரையும் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு கணம் வெளுத்தது. உள்ளே இருப்பது நீங்கள் ஒருவர் மட்டுமே, என்றது.

வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் மகள்.

"கண்ணு, கதவ யாரு தொறந்தது?"

"நீதான்."

"நான் ஆபீஸ்ல இருக்கேன்மா."

"தெரியும். நீ மட்டுந்தான் இன்னும் வரல."

மகளின் குரலுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். ஒன்றல்ல. பல மூச்சுகள், ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் விட்டன.

"வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்குப் போ."

"எப்படிம்மா? நடக்கவே எடமில்ல."

"என்ன... என்ன பண்றாங்க உன்னை?"

"ஒண்ணும் பண்ணல. ஒவ்வொருத்தரா வந்து காதுல சொல்றாங்க. எல்லாரும் ஒண்ணையேதான்."

"என்ன சொல்றாங்க?"

மகள் அழுகிறாளோ என்று உற்றுக் கேட்டாள். அழவில்லை. பத்து வயசுக் குரல், அவளுடையதைப் போலவே மரத்துப் போய் வந்தது.

"உனக்குத் தெரியாதா?"

வீட்டுக் கூடத்துக் கேமராவைத் திரையில் திறந்தாள். படம் வந்தது.

முதுகுகள். கதவிலிருந்து தொலைபேசி வரை, சுவரோரமாக, வரிசை. இன்று காலை அவள் உடுத்திய அதே பச்சை. அதே அவசரக் கொண்டை. நாற்பது. யாரும் இடிக்கவில்லை. யாரும் பேசவில்லை. முன்னால் நின்றவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், விலகி வேறொரு சுவரோரம் போய் நின்றாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது.

கடைசியில், கதவருகே, ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.

மகள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். ரிசீவரை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். பிறகு அடுத்தவளுக்காகத் தலையைச் சாய்த்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.