தூசி படியாத இடம்

துணி ஒரு இடத்தில் மட்டும் அழுக்காகவில்லை.

ஜெயமாலா அதைக் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மகள் பிரம்மி படுக்கும் அறையின் சுவர்களை ஈரத்துணியால் துடைப்பது அவளுடைய அன்றாட வேலை. ஒரு இழுப்பு இழுத்தால் துணி கரேலென்று ஆகிவிடும்; வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு அடுத்த இழுப்பு. அன்றைக்கு வடக்குச் சுவரின் நடுவுக்கு வந்தபோது துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. இன்னொரு முறை துடைத்தாள். வெள்ளைதான். தள்ளி நின்று பார்த்தபோது, கறுத்துக் கிடந்த சுவரில் தரையிலிருந்து அவள் தோள் உயரத்துக்கு ஒரு இடம் மட்டும் தூசியே படாமல், சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்தது போலப் பளிச்சென்று இருந்தது. மேலே குறுகி, கழுத்துக்குக் கீழே அகன்று. கழுத்து என்று தனக்கு ஏன் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிரம்மிக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே மூச்சிளைப்பு. வீடு இருப்பதோ செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டை ஒட்டி, ஒரு அரிசி மில்லின் முதுகுக்குப் பின்னால். மில்லில் நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். அந்தக் கரித்தூள் ராத்திரி பகல் பார்க்காமல் இறங்கும். கொடியில் காயும் வேட்டி, மூட மறந்த சோறு, பிள்ளையின் நெஞ்சு, எதையும் அது விட்டுவைத்ததில்லை. பிரம்மி மூச்சு இழுக்கும் சத்தம் துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல வீடு முழுக்கக் கேட்கும். ஏழு வருஷமாக ஜெயமாலா அடுப்படியில் நின்றாலும் கிணற்றடியில் நின்றாலும் ஒரு காதை அந்தச் சத்தத்தின் மேலேயே வைத்திருந்தாள்.

அவள் புருஷன் மகாவீரன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கைவேலையில் சூரர், வாயில் அதைவிடப் பெரிய சூரர். ஒரு சிமெண்ட் ஆலைக்கு வேலையாகப் போனவர், அங்கே புகைபோக்கிக்குள் வெறும் மின்சாரத்தை வைத்தே தூசியைப் பிடிக்கிற ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? பழைய டப்பா டிவிகளைப் பிரித்து அதிலிருந்த உயர் அழுத்த டிரான்ஸ்பார்மர்களை எடுத்தார். மரச்சட்டம் ஒன்றில் முடியைப் போன்ற கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டினார். பின்னால் அலுமினியத் தகடுகளை நிறுத்தினார். மகள் கட்டிலின் தலைமாட்டில் அதை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் கம்பிகளின் மேல் ஊதா நிறத்தில் ஒரு மினுக்கம் ஓடியது. விடாமல் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். வெல்டிங் பட்டறையில் மூக்கில் ஏறுமே, அந்தக் கார வாசனை.

“கம்பியிலருந்து கரண்டு காத்துல கசியும். அது தூசி மேல ஏறிடும். அப்புறம் தூசி அந்தரத்துல நிக்காது. தகட்டுலயோ சுவத்துலயோ போய் ஒட்டிக்கும்” என்று தெருவுக்கே பாடம் எடுத்தார். கதவும் ஜன்னலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த வாரம் பிரம்மி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள். ஜெயமாலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சுவரில் தூசி படியும்போது முன்னால் எது நிற்கிறதோ அதன் உருவம் வெள்ளையாகச் சுவரில் தங்கிவிடும். நாற்காலியை ஒட்டிப் போட்டால் நாற்காலி. ஆணியில் ஸ்கூல் பை தொங்கினால் பை. பிரம்மி சுவரோரம் உட்கார்ந்து படம் வரைந்தால், சாயந்தரம் அங்கே வெள்ளையாக ஒரு பிரம்மி உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

வடக்குச் சுவரின் முன்னால் நாற்காலி இல்லை. ஆணிகூட இல்லை.

“என்னங்க, இத கொஞ்சம் வந்து பாருங்க.”

“இன்னா?” பல் துலக்கிக்கொண்டே மகாவீரன் எட்டிப் பார்த்தார். “நீதான் நின்னுருப்ப.”

“நாள் முழுக்கவா அங்கயே நிக்கிறேன்?”

“அப்ப சுவத்துல ஓதம் இருக்குது. எதுக்கெடுத்தாலும் டென்ஷன் உனக்கு.”

மறுநாள் அந்த இடமும் மற்ற இடம் போலவே கறுத்திருந்தது. அப்பாடா என்று வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். கிழக்குச் சுவரில் இருந்தது. இப்போது தலை தெளிவாகவே தெரிந்தது. இரண்டு தோள்கள், ஒன்று சற்று இறங்கி. கட்டிலுக்கு நாலடி கிட்டே வந்திருந்தது.

அன்றைக்கே அறையிலிருந்த நாற்காலி, பெட்டி, பை, கொடிக்கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். கட்டிலும் மெஷினும் மட்டும் மிஞ்சின. வியாழக்கிழமை காலை அது தலைமாட்டுச் சுவரில், தலையணைக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. உயரம் குறைந்திருந்தது. ஜெயமாலா வெகுநேரம் பார்த்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. குனிந்திருந்தது.

அன்று மத்தியானம் பிரம்மி கட்டிலில் தூங்க, அவள் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. ராஜகிரிக் கோட்டைமலைப் பாறைகளின் அனல் ஊர் முழுக்க இறங்கியிருந்தது. மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக ஒரு வெயில் பட்டை சாய்வாக விழுந்து, அதில் கரித்தூள் பொடிப்பொடியாக மிதந்து, மெஷினின் இரைச்சலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. கண் கூசும்வரை அதையே பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் தூசி இரண்டாகப் பிரிந்தது. எதையோ சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் கொஞ்சம் அசைந்தது. மெஷினின் இரைச்சல் ஒரு நொடி தாழ்ந்து மறுபடி எழுந்தது.

பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரம்மியின் நெஞ்சில் அந்தத் துருப்பிடித்த சத்தம் பலமாகி, உதடு நீலம் பாரித்து, கண் செருகப் பார்த்தது. மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். வேறு என்ன செய்வாள்? போன மாதம்தான் தளவானூரில் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய், அங்கே நெல் அடிக்கிற தூசியில் பிள்ளை மூர்ச்சையாகி, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிரம்மி மூச்சு விடுவதற்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரே அறைதான். அந்த அறையில்தான் அதுவும் இருந்தது.

மகாவீரனிடம் சொன்னாள். சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“நீங்க இத செய்யறப்பவே நான் கேட்டேன்” என்றாள் ஜெயமாலா. “காத்துலயும் உயிர் இருக்குதுன்னு ஜினாலயத்துல சொல்லுவாங்களே, அதுக்கு நோவாதான்னு.”

“நான் புடிக்கிறது தூசி, ஜெயா. உயிர இல்ல. கொசு பேட்டுகூட வாங்காத வீடு இது. நானா உயிருக்குக் கெடுதி செய்வேன்?”

அவர் பட்டறைக்குப் போய்விட்டார். அவளுக்கு அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது. மண், நீர், நெருப்பு, காற்று, இவற்றையே உடம்பாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். அவற்றுக்குக் கண் கிடையாது, காது கிடையாது. தொட மட்டுமே தெரியும். அப்படி ஒன்று, கம்பியிலிருந்து கசியும் கரண்டில் அடிபட்டு, வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே தவிக்கிறதோ? இப்படி நினைத்ததும் பயம் கொஞ்சம் விலகி அந்த இடத்தில் இரக்கம் வந்தது. அதுதான் அவள் செய்த தப்பு. வேறு வீடாக இருந்தால் வேப்பிலை கட்டியிருப்பார்கள், மேல்மலையனூர் போய் அங்காளம்மன் சாம்பலை வாங்கி வந்து விரட்டியிருப்பார்கள். இந்தச் சமண வீட்டில் எந்த உயிரையும் விரட்டிப் பழக்கமில்லை. தேள் வந்தால்கூடத் தம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வேலியோரம் கொண்டுபோய் விடுவார்கள். குளவி வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

அமாவாசையன்று மத்தியானம் அவள் அதைத்தான் செய்தாள். பிரம்மியின் மூக்கில் ஈரத்துணியைக் கட்டி அடுப்படியில் உட்கார வைத்தாள். மெஷினை நிறுத்தினாள். அறையின் இரண்டு ஜன்னலையும், கொல்லைப் பக்கக் கதவையும் அகலத் திறந்தாள். கைகூப்பி நின்று, தினமும் சொல்கிறதையே சொன்னாள்.

“எல்லா உயிரையும் நான் மன்னிக்கிறேன். எல்லா உயிரும் என்னை மன்னிக்கணும். யார் மேலயும் எனக்குப் பகை இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “எங்களால உங்களுக்கு நோவு வந்துடுச்சு. வழி திறந்துட்டேன். போயிடுங்க சாமி” என்றாள்.

வெளியே ஒரு இலை அசையவில்லை. ரோட்டில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மில்லில் கொதிகலன் அடுப்பைக் கிளறியிருப்பார்கள். கரித்தூள் மழைத் தூறல் போல இறங்கி ஜன்னல் வழியாக அறைக்குள் கொட்டியது. அப்போது கொல்லைக் கதவின் திரைச்சீலை அசைந்தது. வெளியே போகிறது என்று நினைத்தாள்.

திரைச்சீலை உள்பக்கமாக உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது. தணிந்தது. மறுபடி. ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வருகிற மாதிரி. இருபது தடவைக்கு மேல் எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டாள். ஓடிப் போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல்களையும் சாத்தினாள். அதற்குள் அடுப்படியில் பிரம்மி பலமாக இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

பிள்ளையை அந்த அறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. படுக்க வைத்து மெஷினைப் போட்டாள். அறை முழுக்கக் கரித்தூள் மூட்டமாக நின்றது.

“இப்ப சரியாயிடும், கண்ணு.”

“அம்மா” என்றாள் பிரம்மி, கண்ணை மூடியபடியே. “கொஞ்சம் தள்ளி நில்லேன். மேல மேல வந்து நிக்கிற.”

ஜெயமாலா வாசற்படியில் நின்றிருந்தாள்.

ஓடி வந்து கட்டிலில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பிள்ளை தூங்கிவிட்டாள். சூரியன் மறைவதற்குள் சமைத்துச் சாப்பிட்டாக வேண்டும். அந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு யாரும் வாயில் எதுவும் போட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு காது அறைப் பக்கமே இருந்தது. அரிசி வெந்துகொண்டிருந்தபோது இழுப்பு குறைந்தது. குழம்பு கொதிக்கும்போது இன்னும் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. போய்விட்டது, நாம் சொன்னதைக் கேட்டுப் போய்விட்டது என்று நினைத்து அடுப்பின் முன்னாலேயே கும்பிட்டாள்.

ஐந்தரை மணிக்கு மகாவீரன் வந்தார். நேரே மகள் அறைக் கதவைத் திறந்தார்.

“ஜெயா! இங்க வந்து பாரு!” குரலில் ஒரே குதூகலம். “சுவத்துல ஒரு பொட்டு தூசி இல்ல! நாலு சுவரும் இன்னா வெள்ளை பாரு! நான் அப்பவே சொன்னேனா இல்லியா, மெஷின்னா இதாண்டி மெஷின்!”

கரண்டியுடன் வாசலுக்கு வந்தாள். நாலு சுவரும் வெள்ளை. தரையிலிருந்து ஆள் உயரம்வரை. ஒரு மூலை விடாமல். ஒரு இடுக்கு விடாமல். தோளோடு தோளாக.

தகடுகளைப் பார்த்தாள். அதிலும் இல்லை.

அவ்வளவு கரித்தூள். எங்கே போனது?

கட்டிலைப் பார்த்தாள்.

போர்வை கறுப்பு. கைகள் கறுப்பு. தலைமுடி, இமை, காது மடல், எல்லாம் கரியைக் குழைத்துப் பூசியது போல. அவ்வளவும் வந்து இறங்க அறையில் மிச்சமிருந்தது அந்த ஒரு சின்ன உடம்புதான்.

முகத்தில் மட்டும் ஒரு இடம் வெள்ளை. மூக்கையும் வாயையும் சேர்த்து. வட்டமாக. ஈரமாக. பெரிய ஆளின் திறந்த வாய் அளவுக்கு.

“பிரம்மி!”

ஓடினாள். கட்டிலுக்கு மூன்றடி முன்னால் கைகள் முட்டி நின்றன. முன்னால் எதுவும் இல்லை. தள்ளினாள். தோளால் இடித்தாள். வேறொரு பக்கம் போனாள். அங்கேயும் இடமில்லை. தேர் பார்க்க நிற்கிற கூட்டத்தைத் தள்ளுவது போல, கொஞ்சமாக வளைந்து கொடுத்து, மறுபடி இறுகிக்கொண்டது.

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. பின்னால் மகாவீரன், அவள் கத்தியது காதில் விழாதவர் போல, இன்னும் சுவரைத் தடவித் தடவி, விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டாத அந்தக் கட்டிலில் பிரம்மியின் கன்னங்கள் உள்ளே குழிந்தன. மார்பு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. இன்னும்.