இழுங்க, விடுங்க

அறை வாசலில் செருப்பு இல்லை.

கித்தேரியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு கணம் நின்றாள். வட்டக்கானல் சரிவில் இருந்த அந்த ஸ்பாவுக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தட்டில் இருக்கும் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். துணிச் செருப்பும் காகிதப் பட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. வெறுங்காலோடு வந்துவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

மசாஜ் மேசைமேல் ஒரு பெண் குப்புறப் படுத்திருந்தாள். இடுப்புவரை வெள்ளைத் துணி. தலையில் டவல் சுற்றியிருந்தது. முகம், அதை வைப்பதற்கென்றே மேசையில் போட்டிருந்த ஓட்டைக்குள் புதைந்திருந்தது.

"வணக்கம்மா. எம் பேரு கித்தேரி. மொதல்ல பத்து நிமிசம் மூச்சுப் பயிற்சி செய்வோம், அப்புறம் எண்ணெய் போட்டு விடுறேன். சரிங்களா?"

கித்தேரியம்மாள் வற்புறுத்தவில்லை. பேசப் பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர் வருவார்கள். எங்கேயோ எதையோ பறிகொடுத்துவிட்டு மலையேறி வந்து, அந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்து யாரும் பார்க்காமல் அழுதுவிட்டுப் போவார்கள். மேசைக்கு அடியில், பூ மிதக்கும் உருளிப் பாத்திரத்துத் தண்ணீரில் அவர்கள் கண்ணீர் சொட்டுவது அவளுக்குக் கேட்கும். கேட்காதவள்போல இருப்பதும் வேலையில் ஒரு பகுதிதான்.

மத்தியானத்திலிருந்தே பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்த மூடுபனி இப்போது ஜன்னல் கண்ணாடியை முழுக்க அடைத்துவிட்டிருக்க, தைலமர வாசனையும் சூடான எண்ணெயின் வாசனையும் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. தகரக் கூரையில் மரங்களிலிருந்து சொட்டும் துளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. அவள் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி அந்த முதுகின்மேல் வைத்தாள்.

ஜில்லென்றிருந்தது. மழையில் நனைந்த சுவரைத் தொட்டதுபோல.

"மூச்ச உள்ள இழுங்க."

முதுகு ஏறியது.

"மெதுவா விடுங்க."

இறங்கியது.

ஒன்பது வருடமாகச் சொல்லும் வார்த்தைகள். இந்த ஆறு மாதமாக அவற்றைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இதே அறையில் பெங்களூர்க்காரர்கள் நாலு பேருக்கு அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். போன் லாக்கருக்குள் பூட்டிக் கிடந்தது. அதில் பதினோரு தடவை சுஜிதா கூப்பிட்டிருந்தாள்.

ஒரே மகள். பத்தொன்பது வயது. கைக்குழந்தையிலிருந்து வீசிங். இரவில் இழுப்பு வந்தால் எழுப்பி உட்காரவைத்து, முதுகைத் தடவி, இழு, விடு, இழு, விடு என்று கித்தேரியம்மாள் சொல்வாள். மருந்து பாதி, இந்தக் குரல் பாதி என்று அந்தப் பிள்ளை தேறிக்கொள்ளும். அன்று பக்கத்து வீட்டுத் தமயந்திதான் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். சீசன் நெரிசலில் ஜீப் நகரவே இல்லை. துக்கத்துக்கு வந்த இடத்தில் தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா வந்து சொன்னா மூச்சு வந்துரும், அம்மாவ வரச்சொல்லுங்கன்னு கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சுக்கா."

கித்தேரியம்மாள் கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். எண்ணெய் ஊற்றினாள். எவ்வளவு தேய்த்தும் அந்தத் தோலில் சூடு ஏறவில்லை. அவள் விரல்கள்தான் மரத்துப்போயின.

அப்போதுதான் கவனித்தாள். முதுகு அசையவில்லை.

மூச்சை அடக்கிப் பழகுகிறார்கள் போலிருக்கிறது. சிலர் அப்படிச் செய்வதுண்டு. காத்திருந்தாள். கூரையில் ஒரு துளி. இன்னொரு துளி. அதற்குள் கித்தேரியம்மாள் நாலு மூச்சு விட்டுவிட்டாள். பிறகு எட்டு. மேசைமேல் ஒரு அசைவும் இல்லை.

"அம்மா, இழுங்க."

முதுகு ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது.

"விடுங்க."

இறங்கியது. நின்றது.

அவள் சொன்னால்தான் மூச்சு.

கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனவள் குனிந்தவாறே நின்றுவிட்டாள். "இழுங்க" என்றாள், குரல் வெளியே வராமல். மேலே விலா எலும்புகள் விரியும் சத்தம் கேட்டது. ஆனால் முகத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில், உருளித் தண்ணீரில் மூச்சுக் காற்று பட்ட ஒரு சுழிப்புகூட இல்லை. சாமந்தி இதழ்கள் ஒட்டிவைத்ததுபோல நின்றன.

நிமிர்ந்தாள். ஓடிவிடலாம். கதவு மூன்றே எட்டுத் தூரம்.

"விடுங்க."

இந்தத் தடவை நெஞ்சு இறங்கி முடியும் இடத்தில் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய விசில். நடுவில் ஒருமுறை உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு, பூனைக்குட்டி கத்துவதுபோல முடியும் விசில்.

பத்தொன்பது வருட இரவுகள் அந்தச் சத்தத்துக்காகவே அரைத்தூக்கம் தூங்கியவள் அவள்.

மேசை ஓரத்தில் தொங்கிய கையைத் தூக்கிப் பார்த்தாள். புறங்கையில், ஆஸ்பத்திரியில் ஊசிக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிய கறை, சதுரமாக. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு அவளே துடைத்த கறை. பாதி போனது. மீதி போவதற்குள், நேரமாச்சு தாயி என்று சொல்லி அவளை எழுப்பிவிட்டார்கள்.

மீதி இருந்தது.

பயம் இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சை உடைத்துக்கொண்டு வந்தது.

"வந்துட்டேன் தங்கம்," என்றாள். "அம்மா வந்துட்டேன். இழு."

ஏறியது.

"விடு."

விசில். பிறகு அந்த அமைதி. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு இறங்கியதும் வரும் அமைதி. கித்தேரியம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது மகளின் கட்டிலில் இருந்த அதே அமைதி. அதைத் தாங்க முடியவில்லை. அவசரமாக "இழு" என்றாள். "விடு." "இழு." எத்தனை தடவை என்று தெரியவில்லை. ஜன்னல் வெளுப்பு மங்கிச் சாம்பலாயிற்று.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா," ரிசப்ஷன் சண்முகப்பிரியாவின் குரல். "வீட்டுக்குப் போற ஜீப்பு வந்துருச்சு, வெரசா வாங்க. நாலு மணிக்கு வரவேண்டியவங்கதான் வரலையே, இன்னும் உள்ள என்ன சோலி?"

"நீ போம்மா."

"யாருகிட்டக்கா பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"போன்னு சொல்றேன்ல!"

இந்தப் பேச்சுக்கு நடுவில் முதுகு இறங்கிக் கிடந்தது. அசையாமல். அவள் பதறிப்போய் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள்.

"இழு. இழு. அம்மா இங்கதான் இருக்கேன்."

ஏறியது. அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

விட்டால் அந்த அமைதி வரும். விடாமல் இருந்தால்?

"இழு," என்றாள் மறுபடி.

ஏறியிருந்த முதுகு இன்னும் ஏறியது. துணிக்குள் எங்கோ ஒரு நரம்பு முறுக்கேறும் சத்தம். ஓட்டைக்குள்ளிருந்து, தண்ணீரைப் பார்த்து, ஒரு குரல் வந்தது. தடித்து, அடைத்து, ஆனால் அவள் பெற்ற குரல்.

"அம்மா... விடு."

"மாட்டேன்."

"வலிக்குதும்மா. விட்டுரு."

"இல்ல ராசாத்தி. ஒருதடவ நான் வரல. இப்ப வந்துட்டேன்ல. இழு."

வெளியே ஜீப்பின் ஹாரன். நின்றது. சண்முகப்பிரியா கதவைப் படபடவென்று அடித்தாள். கித்தேரியம்மாள் திரும்பவில்லை. மேசை விளிம்பைப் படுத்திருந்தவளின் கைகள் இரண்டும் பிடித்துக்கொண்டன. நகங்கள் மரத்தைக் கீறின. வெளிறிய தோலுக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்து, பிரிந்து, விலகின. முதுகு அவள் கைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே மேலே வந்தது.

எண்ணெய் வழியும் உள்ளங்கையால் அவள் அதை மெதுவாக, கீழிருந்து மேலாக, தடவிக்கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் தங்கம். இழு."